பெரிய மார்க்கெட்டில் பேசும் பெட்டி... உள்ளே ஒளிந்திருக்கும் சிம் கார்டும் மாதம் 100 ரூபாய் கணக்கும்!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது பேரம் பேசும் சத்தம்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே இப்போது இன்னொரு குரலும் கேட்கிறது... "நூற்றி இருபது ரூபாய் பெறப்பட்டது!"

முன்னாள் முதல்வர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்றும் அழைக்கப்படும் சந்தை இது. பூ, காய்கறி, மீன் என எதை வாங்கினாலும் "ஜிபே பண்ணிட்டேன்" என்று வாடிக்கையாளர் சொன்னதும், கடைக்காரரின் கண் போவது அந்தச் சின்னப் பெட்டியின் பக்கம்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் சாதாரண ஸ்பீக்கர். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. பணம் வரவானதும், நிறுவனத்தின் சர்வரிலிருந்து மொபைல் டேட்டா வழியாகப் பெட்டிக்குத் தகவல் வருகிறது. பெட்டி அதைச் சத்தமாக அறிவிக்கிறது. வைஃபை வேண்டாம், கடைக்காரரின் போனும் வேண்டாம்.

பல கடைகளில் வங்கிக் கணக்கோடு இணைந்த போன் மகனிடமோ கணவரிடமோ இருக்கும். மீன் அறுக்கும் ஈரக்கையோடு இருப்பவரால் போனை எடுத்து மெசேஜ் பார்க்கவும் முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஒரு நாள் லாபமே சில நூறு ரூபாய் என்றால், ஒரே ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் அதைத் தின்றுவிடும். அதனால்தான் இந்தப் பெட்டிக்கு இவ்வளவு மவுசு!

பில் யாருக்கு?

பொருளுக்குள்ளேயே இணையத்தை வைத்து விற்பது புதிதல்ல. 2007-ல் வந்த அமேசானின் முதல் கிண்டில் கருவியிலேயே மொபைல் இணைப்பு உள்ளே இருந்தது. வாசகருக்குத் தனி பில் வரவில்லை. அந்தச் செலவை நிறுவனமே பார்த்துக்கொண்டது.

பேசும் பெட்டியின் கணக்கு வேறு. 2016-ல் தொடங்கிய யுபிஐ, 2023 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட்டில் அது 2,000 கோடியையும் கடந்தது. ஆனால், 2020 ஜனவரி முதல் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது விதி. அதனால், நிறுவனங்களுக்குப் பெட்டியின் வாடகை முக்கிய வருமானமாகிவிட்டது.

வாடகை மாதம் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் பெட்டிகள் என்றால் வருடத்துக்கு 1,200 கோடி ரூபாய்! பேடிஎம் நிறுவனத்துக்கு மட்டுமே, வாடகை செலுத்தும் கருவிகள் 2023 இறுதிக்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. பெட்டியோடு கடனும் வருகிறது. கடையின் தினசரி வரவைப் பார்த்து நிறுவனங்கள் கடனுக்கு ஏற்பாடு செய்கின்றன. தவணையைத் தினமும் வரவிலிருந்தே கழித்துக்கொள்ளும் முறையும் உண்டு.

அடுத்து எங்கே?

மின்சார ஸ்மார்ட் மீட்டர், பேருந்தின் ஜிபிஎஸ் கருவி, கார் என சிம் நுழையும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. இத்தகைய கருவிகளுக்காகவே 13 இலக்க எண்களை 2018-ல் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது.

ஆனால், கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்த வியாபாரிகள் வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. பெட்டி கடையில் இருந்தாலும், அதன் பிடி வேறு இடத்தில் இருக்கிறது.

வாங்கும் முன் கேளுங்கள்

* வியாபாரம் இல்லாத மாதத்திலும் வாடகை உண்டா?
* வேண்டாம் என்றால் யாரிடம் திருப்பித் தருவது, பிடித்தம் எப்போது நிற்கும்?
* சிக்னல் இல்லாதபோது என்ன செய்வது?

குரல் கேட்கவில்லை என்றால் பணம் வரவில்லை என்று அர்த்தமில்லை. சிக்னல் கோளாறாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

100 ரூபாய் சிறிய தொகைதான். ஆனால், கீரைக்கட்டு விற்றுச் சம்பாதிக்கும் ஒருவருக்கு அது எத்தனை கட்டு என்பதையும் பார்க்க வேண்டும். இனி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு 'ஸ்மார்ட்' பொருளிடமும் நாமும் இதே கணக்கைக் கேட்கலாம்... "உள்ளே இருக்கும் சிம்முக்கு யார் காசு கட்டுவது?"