உங்களுக்குத் தெரியுமா? அட்லாண்டிக் தீவில் ஒரு குடும்பத் தேயிலை

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில், சாவோ மிகேல் தீவில் இருக்கும் கோர்ரியானா தேயிலைத் தோட்டம் 1883 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவருகிறது. தீவின் ஆரஞ்சுத் தோப்புகள் நோயால் நலிந்தபின் மாற்றுப்பயிராக வந்தது தேயிலை. பதப்படுத்தும் முறையைக் கற்றுத்தர 1878இல் மக்காவிலிருந்து சீனர் இருவர் வரவழைக்கப்பட்டனர். பின்னர் தீவில் பெருகிய தேயிலைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டபோது கோர்ரியானா எப்படித் தாக்குப்பிடித்தது? குடும்பப் பற்று என்பது வழக்கமான பதில். ஆனால் பற்று மட்டும் உலையை எரிக்காது. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவிட்டு, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு, சூட்டில் உலர்த்த வேண்டும். உருட்டும் இயந்திரமும் உலர்த்தியும் ஓயாமல் ஆற்றல் கேட்கும். கோர்ரியானாவோ நீரோட்டத்திலிருந்து தனக்கான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. தட்பவெப்பம்தான் காரணம் என்பாரும் உண்டு. பூச்சித்தொல்லை குறைவு, மருந்து தெளிக்காமலே விளைகிறது என்பதெல்லாம் சரிதான். ஆனால் அதே மழை மூடிப்போன தோட்டங்களிலும்தான் பெய்தது. குடும்பத்தின் பங்கை வேறிடத்தில் பார்க்கலாம்: இங்கிலாந்தில் செய்த பழைய மார்ஷல் நிறுவன இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் பழுதுபார்த்து ஓட்டிவருகிறார்கள்.