உறையூர் வேங்கையும் புத்தூர் பிளக்ஸும்

பொத்தியார் திரும்பி வந்தபோது உறையூர் அப்படியே இருந்தது. கோப்பெருஞ்சோழன்தான் இல்லை. பெற்ற மகன்களே பகையாக, மனம் வெறுத்து, ஆற்றிடைக்குறை ஒன்றில் வடக்கிருந்து உயிர்விட்ட அரசன் அவன். ஆற்றுக்குள் புள்ளி புள்ளியாக நிழல் விழும் இடத்தில் அவன் உடல் வாட உட்கார்ந்திருந்ததை இன்னொரு புலவர் பாடியிருக்கிறார். பொத்தியாரோ அரசன் இல்லாத ஊர் மன்றத்தைப் பார்த்து அழுகிறார். அழும்போது தன்னை ஒரு யானைப்பாகனோடு சேர்த்துப் பார்க்கிறார். பல ஆண்டுகள் சோறூட்டி வளர்த்த களிறு இறந்துபோனது. அது கட்டியிருந்த தறி வெறுமையாகக் கிடக்கிறது. அதைக் கண்டு கலங்குகிறான் பாகன். புறநானூற்றின் 220ஆம் பாட்டு இது.

அந்த உறையூர் இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதி. அங்கிருந்து புத்தூர் நால் ரோட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். புத்தூருக்குச் சாவு தினசரிப் பழக்கம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இங்கே இருப்பதால், திருச்சியைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். பிணவறைக்கு வெளியே மரத்தடியில் காத்திருக்கும் குடும்பங்களையும், வரிசையில் நிற்கும் அமரர் ஊர்திகளையும் பார்க்காமல் அந்த வட்டாரத்தைக் கடக்க முடியாது. அந்த மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரிக்குத் திருச்சிக்காரரான தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயர். தமிழ் படித்தவனுக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கையறுநிலைப் பாட்டுகள் நினைவுக்கு வருவது இயல்பு. அரசனோ வள்ளலோ இறந்தபின் செயலற்றுப் புலம்பும் பாட்டுக்குப் பழைய இலக்கணம் வைத்த பெயர் அது. அழுகை பிறப்பதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. இந்த நான்கையும் சுமந்துகொண்டு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை இன்றும் காணலாம்.

சோழநாட்டுக் கையறுநிலைப் பாட்டுகளில் இயற்கை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரிகாலன் இறந்தபோது கருங்குழல் ஆதனார் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். அருவிகள் வற்றிய கொடிய கோடை. மாடுகள் பசியில் வாடுகின்றன. கோவலர்கள் அரிவாளோடு வேங்கை மரத்திடம் வந்து, பூவும் சேர்ந்து உதிரும்படி தழையைக் கொய்துவிடுகிறார்கள். மொட்டையாக நிற்கிறது மரம். அரசனின் மகளிரும் நகைகளைக் களைந்து அப்படி நிற்கிறார்கள் என்கிறார் புலவர். இந்த உவமையில் வில்லன் என்று யாரும் இல்லை. வெட்டுகிறவன் கெட்டவன் இல்லை. பசித்த மாட்டுக்காக வெட்டுகிறான். மரமும் எந்தத் தப்பும் செய்யவில்லை. சாவு வந்த வீட்டில் யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் அந்த நிலையை இதைவிடச் சரியாகச் சொன்ன வேறு படிமத்தை நான் படித்ததில்லை.

கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் சூளைக்குப் போய்க் குயவரிடம் பேசுகிறார். இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்த காலம் அது. இருட்டே திரண்டு எழுந்ததுபோலச் சூளைப் புகை வானத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய அரசனுக்குத் தாழி வனைய வேண்டுமானால் நிலமே உன் சக்கரமாக வேண்டும், மாமலையே உன் மண்ணாக வேண்டும். உன்னால் ஆகுமா என்று கேட்கிறார். துக்கம் முற்றும்போது உலகத்தின் அளவே குலைந்துபோகிறது.  அதைச் சொல்ல அவருக்கு ஊர்க்குயவரின் சக்கரமும் மண்ணும் போதுமாக இருந்தன.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மேல் குடவாயிற் கீரத்தனார் பாடிய முல்லைப் பாட்டு பள்ளிக்கூடத்திலேயே பலருக்கும் அறிமுகம். இளைஞர் சூடமாட்டார்கள், மகளிர் பறிக்கமாட்டார்கள், பாணனும் பாடினியும் தொடமாட்டார்கள். சாத்தன் போன பிறகும் நீ ஏன் பூத்தாய் என்று பூவைக் கேட்கிறார் புலவர். முல்லை அவரோடு சேர்ந்து அழவில்லை. அது பாட்டுக்குப் பூத்திருக்கிறது. துக்க வீட்டிலிருந்து வெளியே வந்து, பேருந்து ஓடுவதையும் டீக்கடையில் பாட்டு ஒலிப்பதையும் கண்டு மனம் கொதித்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். பாரியின் மகளிர் இரண்டு மாதத்து முழுநிலவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதும் இதே கொதிப்பில்தான். நிலவு மாறவில்லை, தந்தையும் மலையும் போய்விட்டன. அன்றும் இன்றும் என்று தமிழில் எழுதும் எவருக்கும் அந்த இரண்டு பெண்களே மூத்தவர்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. பூவுக்கும் மரத்துக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அது ஒல்லையூர் முல்லை. ஏதோ ஒரு மலர் என்று சொல்லி விட்டுவிடவில்லை. துக்கத்துக்குக் கூர்மை வந்தது இதனால்தான் என்பது என் எண்ணம்.

புத்தூரின் பிஷப் ஹீபர் கல்லூரி வழியே போகிறவர்களுக்கு இன்னொரு கவிஞரும் நினைவுக்கு வர வேண்டும். ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர், ஆங்கிலத்தில் பக்திப் பாடல்கள் எழுதியவர். நிழல் படிந்த ஓடைக்கரையில் லில்லி வாடிப்போகும், குன்றின் அடியில் பூத்த ரோஜாவும் சீக்கிரமே மங்கிவிடும் என்று குழந்தைப் பருவத்தைப் பற்றிய பாடல் ஒன்றில் எழுதியிருக்கிறார். 1826 ஏப்ரல் 3 அன்று, திருச்சி வெயிலில் குளிர்ந்த நீரில் குளிக்க இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. அப்போது அவருக்கு 42 வயது. இங்கே புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பூக்கள் வாடும்போது கடவுள் கைகொடுக்கிறார். குடவாயிற் கீரத்தனாரின் முல்லைக்கு அந்த ஆறுதல் கிடையாது.

இன்றைய புத்தூருக்கு வருவோம். மருத்துவமனையைச் சுற்றியுள்ள சுவர்களிலும் மின்கம்பங்களிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். பணம் உள்ள வீடானால் தெருமுனையில் பிளக்ஸ். அதிலும் இயற்கை இருக்கிறது, நிறையவே இருக்கிறது: வெண்மேகம், கடலில் இறங்கும் சூரியன், பறக்கும் வெள்ளைப் புறா, நீர்த்துளி நிற்கும் சிவப்பு ரோஜா. டிசைன் செய்பவரின் கணினியில் எல்லாம் தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஆளை ஆலமரம் என்றும் இமயம் என்றும் சொல்லும் நான்கு வரிகளும் அதோடு வந்துவிடும். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. விடியற்காலையில் அப்பா இறந்து, மாலைக்குள் எடுக்க வேண்டிய குடும்பத்துக்கு யோசிக்க ஏது நேரம்? துக்கத்தைச் சுவரில் எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு பொத்தியார் காலத்துத் தவிப்புதான். ஆனால் அந்தக் கடல் எந்த ஊர்க் கடல், அந்த ரோஜா யார் வீட்டு ரோஜா என்று கேட்டால் பதில் கிடையாது. இறந்தவர் வயலூர் சாலைப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருந்தவராகவே இருந்தாலும் அவர் தலைக்குப் பின்னால் வாழை இருக்காது.

ஒப்பாரியில் வாழை இருந்தது. புருசனைப் பூவாக, பெற்றவளை நிழலாக, பிறந்த வீட்டைப் பழமரமாக வைத்து, அழுகிறவள் தன் கண்முன் இருப்பதையே எடுத்துப் பாடினாள். எழுதிவைத்த பாட்டு கிடையாது. இறந்தவர் யார், தனக்கு அவர் என்ன உறவு, அவரால் தான் பட்டது என்ன, எல்லாம் அந்த ராகத்தில் வெளியே வரும். உயிரோடு இருக்கும்போது வாய்திறந்து சொல்ல முடியாத வருத்தத்தைக்கூடச் சாவு வீட்டில் ஒருத்தி சபையறியச் சொல்லிவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் தொகுத்ததால் சில பாட்டுகள் அச்சில் மிஞ்சின. இன்று பல வீடுகளில் கூலிக்கு ஆள் வந்து மைக்கில் பாடுகிறார்கள். சில இடங்களில் பென் டிரைவ் போதுமென்று விட்டுவிடுகிறார்கள். எரிவாயுத் தகன மேடையில் வரிசை எண் கொடுத்திருக்கும்போது நீட்டி அழவும் முடியாது.

ஆறும் மாறிவிட்டது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து புத்தூர் வழியாக ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. இன்று நகரத்தின் சாக்கடையையும் அது சுமக்கிறது. கரிகாலன் பாட்டில் வறட்சி ஓர் உவமையாக வந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது வறட்சியே சாவாக வந்தது. காய்ந்த பயிரைப் பார்த்து டெல்டாவில் விவசாயிகள் மாண்டார்கள். 2017 மார்ச்சில் திருச்சியைச் சேர்ந்த அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தருக்குப் போய், இறந்த விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டையோடுகளை முன்னால் வைத்து உட்கார்ந்தார்கள். அதைக் கோமாளித்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது எழுதப்படாத கையறுநிலையாகத் தெரிந்தது. வெட்டுண்ட வேங்கையைக் காட்ட வழியில்லாதவர்கள் எலும்பைக் காட்டினார்கள்.

எழுத்தில் அந்தப் பழைய கூர்மை இன்று ஈழத்துக் கவிதைகளில்தான் பெரிதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1981இல் யாழ்ப்பாணம் எரிக்கப்பட்டதைப் பாடிய சேரன், அந்தத் தீயை இரண்டாவது சூரிய உதயம் என்றார். புலர்வதற்கான படிமம் ஒரே நொடியில் அழிவுக்கான படிமமாகிவிட்டது. 1985இல் வந்த தொகுப்புக்கு ‘மரணத்துள் வாழ்வோம்’ என்று பெயர் வைத்தார்கள். 2009 முள்ளிவாய்க்கால் படுகொலைக்குப் பின் சேரன் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘காடாற்று’. சுடுகாட்டில் சிதையை ஆற்றி எலும்பு பொறுக்கும் சடங்கின் பெயர் அது. இரங்கலுக்கு உரிய திணை என்று பழைய இலக்கணம் நெய்தலை வகுத்தது. முள்ளிவாய்க்காலில் அந்த நெய்தல் நிலத்தின் மணலிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்தார்கள்.

திருச்சி விமான நிலையத்தின் பக்கம் கொட்டப்பட்டு முகாமில் ஈழத்தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். உறையூருக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு டவுன் பஸ் தூரம். திருச்சிக் கல்லூரிகளின் தமிழ் வகுப்பில் பொத்தியாரை நடத்தும் அதே வாரத்தில் சேரனையும் நடத்த வேண்டும், முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்து தங்கள் பாட்டிமார் விட்டுவந்த முற்றத்தில் என்ன மரம் நின்றது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.