அட்டையின் மினுமினுப்பை நம்பலாமா?

வாடகைக்கு வீடு கேட்டு வருபவர் நீட்டும் ஆதார் அட்டையில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? படத்தையும் பெயரையும் மாத்திரமே அல்லவா? தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட அட்டையிலும் அவை இருக்குமே! அத்தகைய அட்டைகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லையென்று 2022 ஜனவரியில் ஆதார் ஆணையமே எச்சரித்தது.

ஆணையம் 2020 அக்டோபர் முதல் வழங்கிவரும் பி.வி.சி. அட்டையில் ஹோலோகிராமும், மங்கலான இரண்டாம் படமும், நுண்ணெழுத்துகளும், பின்னிப் பிணைந்த மெல்லிய கோடுகளும் உண்டு. (வெயிலில் சாய்த்துப் பாருங்கள், அழகுதான்.) ஆயினும், அவசரத்தில் பார்ப்பவரைப் போலி மினுமினுப்பும் ஏமாற்றிவிடும். மெய்யான காவல் கியூ.ஆர். கட்டத்திற்குள் இருக்கிறது. அதிலுள்ள விவரங்கள் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் பெற்றவை; ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆணையத்தின் செயலியால் அதை ஸ்கேன் செய்து, திரையில் தோன்றும் படத்தை எதிரில் நிற்பவரோடு ஒப்பிடுங்கள். வேறொருவருடைய மெய்யான கட்டத்தை ஒட்டியிருந்தால் அங்கேதான் அகப்படும்.

வங்கி அட்டையின் காந்தப் பட்டையிலுள்ள விவரம் மாறாதது, திருடியவன் நகலெடுக்கலாம். சிப்போ ஒவ்வொரு முறையும் புதிய குறியீட்டை உண்டாக்குகிறது. ஆகவேதான் பட்டை மட்டுமுள்ள அட்டைகளை 2018 டிசம்பருக்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சிப் அட்டைகளின் பின்புறத்திலும் அப்பட்டை இருப்பதுண்டு. கடைக்காரர் அதைத் தேய்க்க முற்பட்டால், சிப்பைச் செருகும்படி கேளுங்கள்.