கலுங்கு நீரில் மீன்கள் எதிரேறுவது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு மூன்றும் மழையை நம்பியவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பி, மிகைநீர் வழியும் கலுங்கு பாயும்போது, கீழ்க்குட்டைகளில் கிடந்த கெண்டையும் கெளுத்தியும் ஓட்டத்தை எதிர்த்து மேலேறுகின்றன.

எப்படி வழி அறிகின்றன? மீனின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு ஓடுகிறது. அதிலுள்ள நுண்மயிர்கள் நீர் தள்ளும் பக்கம் வளைந்து நரம்புக்குச் செய்தி அனுப்ப, மீன் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொள்கிறது.

ஏன் ஏறுகின்றன? நீர்மட்டம் உயர்வதும் வெப்பம் தணிவதும் பல இனங்களில் முட்டையிடும் சுரப்புகளைத் தூண்டுகின்றன. புதிதாக நீர் பரவிய ஆழமற்ற இடங்களில் குஞ்சுகளுக்கு நுண்ணுயிர் உணவு மிகுதி. பிடித்துத் தின்னும் பெரிய மீன்கள் குறைவு.

மலையோடைகளின் டிரவுட் மீனும் இவ்வாறே ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். கல்லின் மறைவில் உடல்வலுவை மிச்சப்படுத்தி, மிதந்து வரும் பூச்சிகளைப் பிடிக்கும். எனவே தூண்டில்காரர்கள் இறகால் செய்த பொய்ப்பூச்சியை அதற்கு மேற்பக்கம் வீசி மிதக்கவிடுகிறார்கள். நீர் குளிர்ந்திருந்தால் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும்: 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே ஆக்சிஜன் மிகுதியாக வேண்டிய டிரவுட்டுக்கு நீலகிரியின் அவலாஞ்சி போன்ற குளிர்ந்த இடங்களே ஏற்றவை. சமவெளிக் கண்மாயில் அது பிழைக்காது.

கலுங்கடியில் வழியை முழுதும் அடைத்து வலை கட்டினால் சினைமீன்கள் முட்டையிடுமுன்பே அழியும். ஓட்டத்தில் ஒரு பகுதியையாவது திறந்து விடுவது அடுத்த ஆண்டின் மீன்வளத்தைக் காக்கும்.