பாட்டும் தீர்ப்பும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, கற்றோர் எழுதற்குரிய பெரும்பொருள்களை அவர்களுக்கே விட்டு, யான் பல்லாண்டுகளாகச் செய்துவரும் ஒரு சிறு பணியைப் பற்றி எழுத எண்ணினேன். அது கவிதைப் போட்டிக்கு நடுவராயிருத்தலாம். விழா எடுக்கும் பாடசாலைகளில் எல்லாம் கவிதைப் போட்டியும் உடன் நிகழ்கின்றது. மூவர் பரிசு பெற, முப்பதின்மர் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றனர். அம்முப்பதின்மருக்கு நடுவர் செலுத்தவேண்டிய கடன் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியின் முடிவுகள் அறிவித்தற் பலகையில் இடப்பட்ட அன்று, பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “சேர், என்னுடைய பாட்டில் என்ன பிழை?” என்று கேட்டான். யான் புறப்படும் அவசரத்தில் இருந்தேன். “புள்ளி போதவில்லை, தம்பி. அடுத்த முறை முயன்று பார்” என்றேன். அவன் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் வினாவியது பிழையை. யான் விடையிறுத்தது புள்ளியை. இரண்டிற்கும் இயைபில்லை என்பது, சுன்னாகம் சந்தையைத் தாண்டி வீடு நோக்கிச் செல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

பாட்டுக்குத் தீர்ப்புக் கூறுதல் தமிழருக்குப் புதிதன்று. தருமியின் கதையை அறியாதார் நம்முள் இலர். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்திற் கூறும் அக்கதையில் பெரும்பாலும் நாம் கவனியாது விடும் இடம் ஒன்று உண்டு. பொற்கிழி பெறவந்த தருமியிடம் பாட்டிற் குற்றம் உண்டென்று மட்டுமே கூறப்பட்டது. குற்றம் இன்னதென்று விரித்துரைக்கப்படவில்லை. அவன் அழுது கோயிலுக்குச் சென்றான். பாட்டின் ஆசிரியராகிய இறைவனே புலவர் வடிவில் அவைக்கு வந்து கேட்ட பின்னர்த்தான், குற்றம் சொல்லிலன்று, பொருளில் என்பதும், அது எவ்வாறென்பதும் வெளிப்பட்டன. நக்கீரரின் அஞ்சாமையை நாம் புகழ்கின்றோம்; புகழவேண்டியதே. ஆயினும் இறைவனுக்குக் கிடைத்த காரணம் ஏழை மாணாக்கனுக்கும் கிடைத்திருக்கலாம் அன்றோ? நம் போட்டிகளுக்கு வருவோர் எல்லோரும் தருமிகளே. அவர்களுக்காக வாதாட எவரும் எழுந்து வருவதில்லை.

பண்டைய அரங்கேற்ற முறையில் இக்குறை இல்லை. நூலாசிரியன் அவையிற் பாடுவான். அவையோர் தடை எழுப்புவர். அவன் விடை கூறுவான். தடையெழுப்புவோர் தம் தடைக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். காரணமற்ற தடை அவையில் நில்லாது. இன்றைய போட்டியிலோ பாட்டு உறையிற் சென்று புள்ளியாகத் திரும்புகின்றது. அவை மறைந்தது, தடைவிடையும் அதனோடு மறைந்தது.

இப்பொருளைப் பேசுதற்குச் சுன்னாகத்திலும் தக்க இடம் அரிது. இவ்வூரிற் பிறந்த அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) யாப்பருங்கலக்காரிகைக்கும், தண்டியலங்காரத்துக்கும், வெண்பாப் பாட்டியலுக்கும் உரை கண்டவர். பாட்டை எவ்வாறு அளப்பது, எவ்வாறு அணிபெறச் செய்வது, எவ்வாறு தொடங்குவது என்னும் மூன்றுக்கும் வேண்டிய அளவுகோல்களை அவர் மாணவர் கைக்கு எட்டச் செய்தார். பின்னர், நா. பொன்னையா அவர்கள் இங்கே தம் அச்சகத்திலிருந்து 1930 ஆம் ஆண்டில் ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். 1958 வரை வெளிவந்த அவ்விதழ் இளைஞர் எழுத்துக்குத் தனி இடம் ஒதுக்கிற்று. கணேசையரின் தொல்காப்பியக் குறிப்புக்களை 1937 முதல் அச்சேற்றிய அதே பொன்னையா, எழுதப் பழகும் பையன்களின் பாட்டுக்களையும் அச்சேற்றினார். அளவெட்டி து. உருத்திரமூர்த்தி, பின்னாளில் ‘மஹாகவி’ எனப் பெயர்பெற்றவர், அவ்விதழில் எழுதி வளர்ந்தவர்களுள் ஒருவர். அளவுகோலும் வாய்ப்பும் ஓரூரிலேயே இருந்தமை நமக்குக் கிடைத்த பேறு. அளவுகோல் மட்டும் இருப்பின் பிழை காண்போரே பெருகுவர். வாய்ப்பு மட்டும் இருப்பின் பிழை பெருகும்.

இனி, நடுவர் வழுவினால் விளையும் கேட்டுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1948 ஆம் ஆண்டு சனவரியில், சுதந்திரத்தை முன்னிட்டு, நாட்டுப் பண் ஒன்றைத் தெரிவுசெய்ய லங்கா காந்தர்வ சபை போட்டி நடத்திற்று. பி. பி. இலங்கசிங்க இயற்ற, லயனல் எதிரிசிங்க இசையமைத்த பாட்டு முதலிடம் பெற்றது. ஆனால் அவ்விருவரும் நடுவர் குழுவிலும் இருந்தனர்! அப்பாட்டின் தகுதி எத்தகையதாயினும், அத்தீர்ப்பை மக்கள் ஏற்கவில்லை. 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை வானொலியில் அது ஒலித்தது. அரச விழாவிற் பாடப்படவில்லை. போட்டியில் தோற்ற பாட்டாகிய, ஆனந்த சமரக்கோன் 1940 இல் இயற்றிய ‘நமோ நமோ மாதா’வே 1951 இல் நாட்டுப் பண்ணாக ஏற்கப்பட்டது. அதன் தமிழாக்கத்தைச் செய்தவர் நம்மவராகிய புலவர் மு. நல்லதம்பி ஆவார்.

கதை அத்துடன் முடியவில்லை. அப்பாட்டின் முதற்சொல் கணப்பொருத்தம் அற்றது, அமங்கலமானது, நாட்டுக்கு நேர்ந்த கேடுகளுக்கெல்லாம் அதுவே காரணம் எனச் சிலர் பேசத் தலைப்பட்டனர். பாட்டியல் கற்றார்க்கு இவ்வாதம் புதிதன்று. மங்கலம், சொல், எழுத்து, கணம் முதலிய பத்துப் பொருத்தங்களை நம் பாட்டியல் நூல்களும் முதற்சீருக்கு விதிக்கின்றன. 1961 இல் அம்முதலடி ‘ஸ்ரீ லங்கா மாதா’ என மாற்றப்பட்டது. அது கவிஞரின் உடன்பாடு பெறாத மாற்றம். அவர் அதனை வன்மையாக எதிர்த்தார். 1962 ஏப்ரலில் அவர் துயரமான முறையில் உயிர் நீத்தார்.

இவ்வரலாறு நடுவர்க்கு இரண்டு விதிகளைத் தருகின்றது. போட்டியிடுவோன் நடுவனாகலாகாது என்பது ஒன்று. அது எல்லோரும் அறிந்தது. நடுவன் பாட்டைத் தன் கையால் திருத்தலாகாது என்பது மற்றையது. இதனை நன்மாணவரை விரும்பும் நல்லாசிரியரே பெரிதும் மீறுகின்றனர்.

முதல் விதியைக் காக்கும் வழியை வேறொரு சிறிய மொழியினரிடம் நாம் கற்கலாம். பிரித்தானியாவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டினர், ஐஸ்டெத்வொட் என்னும் கலைவிழாவை ஆண்டுதோறும் தம் மொழியிலே நடத்துகின்றனர். நம் எதுகை மோனை போலக் கடிய ஒலிக்கட்டுப்பாடுடைய செய்யுளை இயற்றி முதலிடம் பெறுவோர்க்கு ஒரு நாற்காலி பரிசாகும். பாட்டுக்கள் புனைபெயரிலேயே நடுவரை அடைகின்றன. 1917 செப்டம்பரில் வென்றவரின் புனைபெயரை மேடையில் அழைத்தபோது எவரும் எழவில்லை. ஹெத் வின் என அறியப்பட்ட அவ்விளங் கவிஞர், ஓர் உழவரின் மகன், சூலை 31 ஆம் நாளே பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். நாற்காலியைக் கருந்துணியாற் போர்த்தினர். எழுதியவன் இருக்கின்றானா, இறந்தானா என்பதும் அறியாமல் பாட்டை மட்டும் கண்டு அளித்த தீர்ப்பு அது. அவர்களிடம் கொள்ளத்தக்கவை இன்னும் இரண்டு உள. தகுதியான பாட்டு வாராத ஆண்டில் நாற்காலியை ஒருவருக்கும் அளியார். நடுவர் தம் தீர்ப்புரையை அச்சிட்டு வெளியிடுவர். தோற்றவனும் தன் புனைபெயரின் கீழ்த் தன் குறைநிறைகளைப் படித்தறியலாம்.

இவற்றை மனத்திற் கொண்டு யான் இப்போது கைக்கொள்ளும் முறையைச் சொல்கின்றேன். இளம் ஆசிரியர்க்குப் பயன்படக்கூடும்.

போட்டி விதியிலேயே, மரபுச் செய்யுளா புதுக்கவிதையா, இரண்டும் ஆமா என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். இரண்டும் ஆம் எனின் இரு பிரிவாக்குதல் நலம். புதுக்கவிதையிற் சீரும் தளையும் தேடுவதும், வெண்பாவிற் சீரும் தளையும் பாராது விடுவதும் ஒரே வகையான அநீதி. பெயரும் வகுப்பும் நீக்கி எண் இட்டபின்பே தாள்கள் நடுவரை அடைய வேண்டும். சிற்றூர்ப் போட்டியில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் ஒருவரே எல்லாவற்றையும் படியெடுத்தோ தட்டச்சிட்டோ தருதல் நன்று.

ஒவ்வொரு பாட்டையும் மும்முறை படிக்க வேண்டும். முதன்முறை வாய்விட்டு, எழுதுகோலைத் தொடாமல். பாட்டுக்கு முதல் நடுவர் செவியே. இரண்டாம் முறை இலக்கணம் நோக்கி: வெண்பாவாயின் மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வருகின்றனவா, ஈற்றடி முச்சீரால் முடிந்து நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைப் பெறுகின்றதா எனப் பார்க்க வேண்டும். மூன்றாம் முறை, ஒரு நாள் கழித்து, பொருள் நோக்கி. முதல் நாள் மயக்கிய ஓசை மறுநாளும் நிலைக்குமாயின் அதில் ஏதோ உண்டு.

புள்ளிகளைக் கூட்டுவதிலும் ஓர் இடர் உண்டு. நடுவர் மூவர் எனக் கொள்வோம். ஒரு பாட்டு ஒவ்வொருவரிடமும் 60 பெறின் மொத்தம் 180. மற்றொன்று ஒருவரிடம் 90, ஏனைய இருவரிடம் 45, 44 பெறின் மொத்தம் 179. எவர் உள்ளத்தையும் தொடாத பாட்டு வென்றுவிடும். ஆதலின் கூட்டுமுன் மூவரும் ஒருங்கிருந்து, தாம் மிக வேறுபட்ட பாட்டுக்களை மீண்டும் உரக்கப் படித்துக் காரணங்களைச் சொல்ல வேண்டும். 90 இட்டவர் ஏனையோரை இணங்கச் செய்யலாம். அன்றித் தாமே இறங்கவும் நேரலாம். எவ்வாறாயினும் அவையின் தடைவிடை அந்த அறைக்குள்ளேனும் மீண்டும் நிகழும்.

இறுதியாக, ஒவ்வொரு தாளின் அடியிலும் குறிப்பு எழுத வேண்டும். அதில் மூன்றே வாக்கியம் போதும்: பாட்டில் உயிருள்ள இடம் எது, தலையாய பிழை ஒன்று எது, அது எந்த விதிக்கு மாறு, அடுத்து என்ன பழகலாம். “நன்று”, “இன்னும் முயல்க” என்பன குறிப்பாகா. பாட்டைப் படியாமலே அவற்றை எழுதிவிடலாம். பிழைகள் பத்து இருப்பினும் ஒன்றையே எழுதுக. பத்தையும் சுட்டினால் மாணவன் கொப்பியை மூடிவிடுவான்.

தொடக்கத்திற் சொன்ன மாணவனிடம் மீள்வோம். அன்றிரவு அவன் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வெண்பாவில் அவன் எழுதியிருந்த ஓரடி இது:

கிணற்று நிலவை அள்ளினாள் ஆச்சி

‘நிலவை’ புளிமாச் சீர்; மாமுன் நிரை வரவேண்டிய இடத்தில் ‘அள்ளினாள்’ என நேர் வந்து தளை தட்டுகின்றது. இந்தப் பிழையைக் கண்ட கண், வாளியில் நிலவு எழுந்து வரும் அழகைக் காணாமலே முதன்முறை கடந்துவிட்டது. நாணினேன். அடியின் அழகையும் தளையின் பிழையையும் எழுதி, ‘முகந்தனள் ஆச்சி’ என்றால் தளை பொருந்தும் என்றும் சேர்த்து, மறுநாள் அவனிடம் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து வந்தான். யான் தந்த சொல்லை அவன் ஏற்கவில்லை. “ஆச்சி தண்ணீர் அள்ளுகிறவ, சேர். முகக்கிறதில்லை” என்றான். அவன் கொண்டுவந்த அடி இவ்வாறிருந்தது:

கிணற்று நிலாவினை அள்ளினாள் ஆச்சி

‘நிலாவினை’ கருவிளம், விளமுன் நேர் வந்து தளையும் பொருந்திற்று, ஆச்சியின் வாளியும் அவள் சொல்லும் அப்படியே இருந்தன. என் திருத்தம் இலக்கணத்தை மட்டும் காத்தது. அவனுடையது இரண்டையும் காத்தது. பிழையைக் காட்டுவதுடன் நடுவன் நின்றுவிடல் வேண்டும், திருத்தம் பாடினோனுக்கே உரியது என்பதை யான் கற்றது ஒரு பத்தாந் தரத்து மாணவனிடம். அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை, முடிவு முடிவே. ஆனால் அவன் எழுதுவதை விடவில்லை.

எனக்கும் ஒருவர் அவ்வாறு செய்தார். யான் மாணவனாயிருந்தபோது எழுதிய வெண்பா ஒன்றின் கீழ் என் தமிழாசிரியர் சிவப்பு மையால், “ஈற்றடி உன்னுடையது, முன் மூன்றும் நீ படித்தவை” என்று எழுதினார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அக்கொப்பியும் போயிற்று. திரும்பி வந்தபோது வீட்டில் அது இல்லை. வெண்பாவின் முன் மூன்றடிகளும் மறந்துவிட்டன. ஈற்றடியும் ஆசிரியர் எழுதிய வாக்கியமும் மறக்கவில்லை.

பழைய மாணவர் பலர் தம் பெற்றோர் நினைவாகப் பதக்கங்களும் பரிசில்களும் நிறுவ முன்வருகின்றனர். அவர்க்கு நன்றி. அப்பதக்கத்தோடு, போட்டிக்கு வந்த ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று வாக்கியக் குறிப்பு எழுதித் தரப்படவேண்டும் என்னும் ஒரு நிபந்தனையையும் அவர்கள் சேர்ப்பார்களாயின், செலவு ஏதும் மிகாது. நடுவர்க்கு ஓரிரவு உறக்கம் குறையும், அவ்வளவே.