பொது நிரலும் இரவற் கணினியும்

ஊவா மாகாணத்தின் பதுளை, மொனராகலை மாவட்டங்களில் மலைச்சரிவை அண்டி வாழும் மக்களுக்கு மண்சரிவு புதிய சொல்லன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியது. அப்போது காணாமற்போனோர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. மீட்புப் பணிக்கு மண்வெட்டியைப் போலவே பிழையற்ற பெயர்ப்பட்டியலும் இன்றியமையாதது என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இவ்வுண்மையை இலங்கையின் கணினி வல்லுநர் பத்தாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், தொண்டர் பலர் கூடி ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் இச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவதே அதன் பணி. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பணமின்றிப் பயன்படுத்தலாம். 2005 இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

ஆனால், பலர் கைபடும் நிரலில் பிழை புகுவதும் எளிது. தேடும் வசதியைச் செப்பனிடும் ஒருவர், தாம் அறியாமலே தமிழ்ப் பெயர்கள் பதிவாகும் முறையைக் கெடுத்துவிடக்கூடும். இதனைத் தடுக்கவே ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்னும் முறை எழுந்தது. ஒரு திருத்தம் வந்தவுடனே, வெறுமையான ஒரு கணினியில் மென்பொருள் முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது. முன்னரே எழுதிவைத்த சோதனைகள் ஒவ்வொன்றாக நடைபெறுகின்றன. தேறினாற் பச்சை, தவறினாற் சிவப்பு. சிவப்பைக் கண்டவர் தம் திருத்தத்தை மீண்டும் ஆராய்கிறார்.

இச்சோதனைக்கு வேண்டிய கணினிகளை வாங்கிப் பேணுதற்குத் தொண்டரிடம் பொருள் ஏது? ஆதலின் பிறர் நடத்தும் சேவைகளை நாடினர். பெர்லின் நகரில் 2011 இல் தோன்றிய ‘டிராவிஸ்’ திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாக இடமளித்தது. ஆயிரக்கணக்கான திட்டங்கள் அதனை நம்பின. 2019 இல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2020 நவம்பரில் வந்த புதிய விதி, இலவசத்திற்கு எல்லை வகுத்தது. கிரிப்டோ நாணயம் ஈட்டுவோர் இலவசக் கணினிகளைத் தவறாகப் பயன்படுத்தியது இதற்கு ஒரு காரணம். 2021 ஜூனில் பழைய இலவசத் தளம் மூடப்பட்டது. பற்பல திட்டங்கள் ‘கிட்ஹப்’ முதலிய இடங்களுக்குக் குடிபெயர நேர்ந்தது.

பதுளைப் பகுதியின் சிறு தேயிலைத் தோட்டக்காரர் இந்நிலையை நன்கு உணர்வர். தோட்டம் அவருடையது, தொழிற்சாலை பிறருடையது. கொழுந்தை அன்றே சேர்ப்பிக்காவிடின் அது வாடிப் பழுதாகும். ஆயினும் வாங்கும் வேளையை வகுப்பவர் தொழிற்சாலையாரே.

இரவற் கணினியிலும் இவ்வாறே. சில வேளை சோதனை நெடுநேரம் வரிசையிற் காத்துக் கிடக்கும். சேவையார் தம் கணினியிலுள்ள ஒரு கருவியைப் புதுப்பித்தால், நேற்றுத் தேறிய நிரல் ஓர் எழுத்தும் மாறாமலே இன்று தவறும். பிழை அங்கு மட்டும் தோன்றி, எழுதியவரின் கணினியில் தோன்றாதபோது, காரணம் காண்பதற்கே ஒரு நாள் கழிந்துவிடும். மேலும், ஒவ்வொரு சேவையும் கட்டளைகளைத் தனக்குரிய வடிவிலேயே கேட்கிறது. ஆதலின் இடம் மாறுவோர் யாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும்.

இதற்காக இரவற் சேவையை முற்றாக ஒதுக்குதல் தகாது. பசறையிலோ மொனராகலையிலோ பழைய கணினியொன்றை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு அது பெருந்துணை. ‘ஜென்கின்ஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சொந்தமாகச் சோதனைக் கணினி நடத்தலாம். எனினும் மின்சாரமும் பராமரிப்பும் ஓயாச் செலவாகும்.

செய்யத்தக்கது யாதெனில், சோதனையின் படிமுறைகள் யாவும் திட்டத்தின் மூலநிரலோடே ஒரு கோப்பாக இருத்தல் வேண்டும். சேவைக்கு எழுதும் கட்டளை, அக்கோப்பை இயக்கு என்ற ஒன்றாக மட்டும் அமையட்டும். அப்போது அதே சோதனையை மாணவர் தம் கணினியிலும் நடத்தலாம். சேவை மூடப்பட்டாலும் வேறிடத்தில் அன்றே தொடங்கலாம். வாடகை வீட்டில் வாழ்வோர் அடுப்பை விட்டுச் செல்லலாம். சமைக்கும் முறையை விட்டுச் செல்லலாகாது. இடர் வந்த நாளிலே பெயர்ப்பட்டியல் பிழையின்றி இயங்குமா என்பது, இடரில்லாத நாட்களில் அச்சோதனை இடையறாது நடந்ததா என்பதையே பொறுத்தது.