உங்களுக்குத் தெரியுமா? மசில் காரின் ஜாதகம்

● 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கம்பெனிகள் மசில் கார்களை விற்றன. சாதாரண இரண்டு கதவு வண்டியின் உடம்புக்குள் ஒரு பெரிய வி8 இன்ஜினை இறக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் எளிய மாடலுக்குப் பட்டை அடித்து, பேட்ஜ் ஒட்டி, இன்ஜினை மாற்றிவிட்டால் அரிய மாடல் போலவே நிற்கும். வாங்குகிறவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்பே தொழிற்சாலைக் காகிதம் இருக்கிறதா என்று கேட்பது இதனால்தான்.

● இந்தக் காகிதங்களில் முதன்மையானது பில்ட் ஷீட். கிரைஸ்லர் வட்டாரத்தில் பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த ரேடியோ, என்ன சீட் துணி என்று அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளிக்குச் சொல்வதற்காக அச்சடித்த தாள் இது. வண்டி முடிந்ததும் இதற்கு வேலை இல்லை. யாரும் பாதுகாக்கச் சொல்லவும் இல்லை. ஆனாலும் பல தாள்கள் வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையில், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில், டேஷ்போர்டின் உள்ளே என்று கிடைக்கின்றன. எலி கடித்து, துருக்கறை ஏறி, மடிப்பில் கிழிந்து வரும் அந்தத் தாளைப் பிரிப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தாளில் உள்ள சேஸிஸ் நம்பரும் டேஷ்போர்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்பதை. லைனில் முன்னால் போன வண்டியின் தாளை இந்த வண்டியில் செருகிவிட்ட கதைகள் நிறைய உண்டு.

● 1971 வரை வந்த செவர்லே கார்களின் சேஸிஸ் நம்பர் இன்ஜினைப் பற்றி வாயே திறக்காது. 1969 கமாரோவின் நம்பர் 124379என் என்று தொடங்கினால் 1 செவர்லே, 24 வி8 கமாரோ, 37 கூப்பே, 9 என்பது 1969, என் என்பது ஒஹாயோவின் நார்வுட் ஆலை. அந்த வி8 சாதாரணமானதா, எஸ்எஸ் வகையா, இசட்/28 வகையா? நம்பரில் பதில் கிடையாது. 1972 மாடலில்தான் இன்ஜினுக்கென்று ஓர் எழுத்து சேர்ந்தது.

● கமாரோவின் பானெட்டைத் திறந்தால் தடுப்புச் சுவரில் ஒரு சிறிய தகடு இருக்கும். கவுல் டேக் என்பார்கள். டிஆர் 711 என்றால் உள்ளே கறுப்பு. பெயிண்ட் இடத்தில் 72 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு, இரண்டாவது 72க்குப் பதில் ஓர் எழுத்து இருந்தால் கூரையில் வினைல் உறை போட்ட வண்டி. 04பி என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். கூடவே எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 இருந்தால் அது இசட்/28ஆகப் பிறந்த வண்டி. ஆனால் இந்த எக்ஸ் குறியீடு நார்வுட் ஆலைத் தகடுகளில்தான் உண்டு, அங்கேயும் எல்லா வண்டிக்கும் இல்லை. கலிஃபோர்னியா ஆலையிலிருந்து வந்த கமாரோவில் அதைத் தேடிப் பயனில்லை.

● கமாரோ அளவு வண்டிகளில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. டாக்சிக்கும் போலீஸ் வண்டிக்கும் விசேஷ ஆர்டர் எடுக்க வைத்திருந்த கோப்போ என்ற வழியில் புகுந்து, டீலர்கள் 427 இன்ஜின் கமாரோக்களை வாங்கினார்கள். கோப்போ 9560 என்ற எண்ணில் வந்த அலுமினிய இன்ஜின் இசட்எல்1 கமாரோக்கள் மொத்தம் 69. அதில் 50 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தவர் இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூர் டீலர் ஃபிரெட் கிப். வெளியே 427 என்ற பேட்ஜ்கூட இருக்காது. சேஸிஸ் நம்பரிலும் சுவடு இல்லை. இன்ஜினில் பொறித்த குறியீடும் காகிதங்களும்தான் சாட்சி.

● கிரைஸ்லர் வண்டிகளில் பானெட்டுக்குள் டிரைவர் பக்க ஃபெண்டரின் உள்புறம் ஒரு தகடு இருக்கும். இதைக் கீழ் வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும். 1970 பிளிமத் குடா ஒன்றின் கீழ் வரி இ74, டி21, பிஎஸ்23ஆர்0பி என்று ஓடுகிறது என்று வையுங்கள். இ74 என்பது 426 ஹெமி, சுமார் 7 லிட்டர். டி21 என்பது 4 கியர் மேனுவல். அடுத்து வருவது சேஸிஸ் நம்பர். பி பாராகுடா, எஸ் ஸ்பெஷல், 23 இரண்டு கதவு ஹார்ட்டாப், ஆர் மறுபடியும் அதே ஹெமி, 0 என்பது 1970, கடைசி பி மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் ஆலை. மேலே போனால் எஃப்ஜே5 பளீரென்ற பச்சை, எஃப்சி7 கத்தரிப்பூ நிறம், என்96 ஷேக்கர் பானெட். பட்டியல் முடிந்த இடத்தில் முடிந்தது என்றே ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ஓர் இன்ஜினைத் தகடும் சேஸிஸ் நம்பரும் தனித்தனியே சொல்வதால், கிரைஸ்லர் வண்டியில் போலி செய்வது செவர்லேயைவிடக் கடினம்.

● அதே குடா நம்பரில் 23க்குப் பதில் 27 வந்தால் கூரை மடக்கும் வண்டி. ஹெமி இன்ஜினோடு அப்படி 1971இல் செய்தவை 11 மட்டுமே. அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

● ஃபோர்டு வண்டிகளில் 5ஆவது எழுத்து இன்ஜினைச் சொல்லிவிடும். 1970 மஸ்டாங்கில் ஜி என்றால் பாஸ் 302, இசட் என்றால் பாஸ் 429. இது போக, 1967 முதலான உற்பத்தித் தரவுகளை ஃபோர்டிடம் உரிமம் பெற்று வைத்திருக்கிறார் அரிசோனாவின் கெவின் மார்ட்டி. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் வண்டி என்று ஆர்டரானது, எந்த டீலருக்குப் போனது, என்னென்ன பொருத்தியிருந்தார்கள் என்று மார்ட்டி ரிப்போர்ட் வரும். அதே சேர்மானத்தில் எத்தனை வண்டி வந்தது என்றும் சொல்லும். கடிகாரத்தையும் கண்ணாடி நிறத்தையும் சேர்த்துக்கொண்டே போனால் எந்த வண்டியையும் உலகிலேயே ஒன்று என்று ஆக்கிவிடலாம். அந்த எண்ணிக்கைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

● ஸ்டீவ் மெக்குவீன் நடித்த ‘புல்லிட்’ படத்தில் பறக்கும் பச்சை மஸ்டாங் நினைவிருக்கிறதா? படப்பிடிப்புக்கு வாங்கியவை 8ஆர்02எஸ்125558, 8ஆர்02எஸ்125559 என்று அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு வண்டிகள். 8 என்பது 1968, ஆர் சான் ஹோசே ஆலை, 02 ஃபாஸ்ட்பேக், எஸ் 390 இன்ஜின். துரத்தல் காட்சிகளில் அடிபட்ட 558 காணாமல் போய், 2017இல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில் கிடைத்தது. வெள்ளை அடித்திருந்த அந்த உடம்பை வேறொரு படத்து மஸ்டாங்கின் நகலாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் வேலை நின்றது. மார்ட்டியே நேரில் போய் ஆராய்ந்து உறுதி செய்தார். 559 வண்டி 2020இல் ஃபுளோரிடா ஏலத்தில் 37.4 லட்சம் டாலருக்கு விற்றது.

● மசில் கார் அலையைக் கிளப்பிய பான்டியாக் ஜிடிஓ, 1964லும் 1965லும் தனி மாடலே கிடையாது. லெமான்ஸ் வண்டியில் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன். சேஸிஸ் நம்பர் லெமான்ஸ் என்றே காட்டும். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் பழைய பில் நகல்கள் இருப்பதால் உண்மையைச் சரிபார்க்க முடிகிறது. செவர்லேக்கு அமெரிக்காவில் அப்படியொரு இடம் இல்லை. அதே செவர்லே புதிதாகக் கனடாவில் விற்றிருந்தால் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் பதிவேட்டிலிருந்து விவரம் வாங்கலாம்.

● 1960களின் நடுவிலிருந்து செவர்லே வாங்கியவருக்கு வாரண்டிப் புத்தகத்தோடு புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு கொடுத்தார்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் குறியீடுகள் அதில் புடைத்து நிற்கும். இப்போது இதன் நகலும் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதால் தகட்டை மட்டும் நம்பிப் பணம் எண்ணக் கூடாது.

● இரும்பைப் படிக்கத் தெரிந்தால் காகிதத்தைச் சோதிக்கலாம். செவர்லே இன்ஜின் பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும். இ 10 9 என்றால் 1969 மே 10, ஏ தொடங்கி எல் வரை மாதங்கள். மேலே சொன்ன 04பி தகடு கொண்ட கமாரோவில் இந்த பிளாக் இருந்தால், வண்டி முடிந்து பல வாரம் கழித்து வார்த்த இன்ஜின் அது. எத்தனை காகிதம் காட்டினாலும் அசல் இன்ஜின் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

● டேஷ்போர்டு நம்பர் தகட்டைப் பூ வடிவத் தலை கொண்ட ரிவெட்டுகளால் அடித்திருப்பார்கள். சாதாரண ரிவெட் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். சேஸிஸ் நம்பரை அழிப்பதும் திருத்துவதும் 1984இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ரிப்பேருக்காகத் தவிர்க்க முடியாமல் கழற்ற நேர்ந்தால் விலக்கு உண்டு.